கல்கி வாரப் பக்கங்கள்: யார் வீட்டுப் பரணிலாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பா மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர். 1985 தீயில் கடை போனது, ஆனால் கல்கி எழுதியதை மட்டும் விற்க மனசில்லாமல் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்ததால் அது தப்பியது. அப்புறம் திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் கடை போட்டார். யாராவது கல்கி கேட்டு வந்தால், "இல்லைப்பா" என்று கூசாமல் பொய் சொல்வார்!

இப்போது அவருக்கு 81 வயது. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த பொன்னியின் செல்வன் பக்கங்களை, மணியம் ஓவியங்களோடு, யாரோ கிழித்து பைண்டு செய்த தொகுப்புகள்தான் அவருக்கு உயிர். ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் சலவைக் கணக்கு இருக்கிறது, வேட்டி 4, ரவிக்கை 6. மூன்றாம் பாகமான 'கொலை வாள்' தொகுப்பில் முதல் சில அத்தியாயங்களை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. 1999இல் நாட்டுடைமை ஆனபிறகு எத்தனையோ பதிப்பு வந்தாச்சே, வாங்கித் தரவா என்றால் முறைக்கிறார். அந்தப் படங்கள் வேண்டுமாம்.

உங்கள் பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால் சொல்லுங்கள். விற்க வேண்டாம், போனில் படம் எடுத்து அனுப்பினாலே போதும். இன்னொன்று, தொட்டாலே பொடியாகும் தாளைச் சரிசெய்யத் தெரிந்த பைண்டர் சென்னையில் யாராவது இருக்கிறார்களா? லேமினேஷன் ஆலோசனை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே வீட்டில் ஒரு சண்டை முடிந்திருக்கிறது.