விடுமுறைக்கு மூன்று படம்

பெரியக்கா: இந்த விடுமுறையில் எல்லோரும் ஒன்றாக இருக்கப்போவது மூன்று இரவு. மூன்று படத்தை இப்போதே முடிவு செய்துவிடலாம். அன்றைக்கு உட்கார்ந்து தேட ஆரம்பித்தால் தேடியே தூங்கிவிடுவோம். கிறிஸ்துமஸ் படமாக இருக்க வேண்டும். பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 6. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தம்பி: டை ஹார்ட்.

பெரியக்கா: அந்தத் துப்பாக்கிச் சண்டைப் படமா? குழந்தைகளோடு பார்க்க என்று சொன்னேன்.

தம்பி: கதை நடப்பதே கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அலுவலக விருந்தில். பிரிந்திருக்கும் மனைவியைப் பார்க்க விமானம் ஏறி வருகிறான். இதைவிட என்ன வேண்டும்?

சித்தப்பா: 1988இல் அது வெளியானதே ஜூலை மாதம்தானே.

நான்: மாதத்தை வைத்துச் சொல்ல முடியாது சித்தப்பா. மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்கூட 1947இல் கோடையில்தான் ஓடியது. அதில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக நடித்த எட்மண்ட் குவெனுக்கு ஆஸ்கரே கிடைத்தது. டை ஹார்ட் கிறிஸ்துமஸ் படம்தான், ஆனால் குழந்தைகள் தூங்கின பிறகு.

அத்தை: ஹோம் அலோன் போடுங்கள். அதைப் பார்த்தால்தான் எனக்கு விடுமுறை வந்த மாதிரி இருக்கும்.

நான்: என் ஓட்டும் அதற்குத்தான் அத்தை. ஒரே ஒரு வேண்டுகோள். தேவாலயக் காட்சி வரும்போது யாரும் எழுந்து போகாதீர்கள். பெயிண்ட் டப்பா பறந்து வந்து திருடன் முகத்தில் அடிப்பதுதான் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. எனக்கு அந்தப் படத்தின் உயிரே தேவாலயத்தில்தான். வீட்டில் தனியாக விடப்பட்ட பையன் கெவின் பார்த்தாலே பயந்து ஓடும் பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லி அவன் அருகில் வந்து உட்காருவார். பேத்தி பாடுவதைக் கேட்க வந்திருப்பார். மகனோடு பேச்சு அறுந்துபோனதால் இரவு நிகழ்ச்சிக்கு அவர் வர முடியாது. அதனால் முன்கூட்டியே வந்து கேட்டுவிட்டுப் போகிறார். எங்கள் வீட்டு அடித்தள அறை என்றால் எனக்குப் பயம், விளக்கைப் போட்டுப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்று கெவின் சொல்வான். மகனுக்கு ஃபோன் செய்யுங்கள் என்று அவரிடம் சொல்வதும் அந்த 8 வயதுப் பையன்தான்.

அத்தை: கடைசியில் ஜன்னல் வழியாக அவர் மகன் குடும்பத்தைக் கட்டிக்கொள்வதைப் பார்ப்பானே, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

தம்பி: கெவின் டிவியில் ஓட்டிப் பயமுறுத்துவானே ஒரு கறுப்பு வெள்ளைத் துப்பாக்கிப் படம், அது நிஜமான பழைய படமே இல்லை. இந்தப் படத்துக்காகவே எடுத்தது.

சித்தப்பா: அப்படியா! அசல் பழைய படம் மாதிரியே இருக்கும்.

பெரியக்கா: சரி, முதல் இரவு ஹோம் அலோன். அடுத்தது?

நான்: இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப். 1946.

பெரியப்பா: அது மட்டும் வேண்டாம்மா. பாட்டர் என்கிற அந்தப் பணக்காரன் 8,000 டாலரை அமுக்கிக்கொள்கிறான். கதாநாயகன் ஜார்ஜின் சித்தப்பா பில்லி ஞாபக மறதியில் செய்தித்தாளுக்குள் வைத்து அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறார். யாருடைய பணம் என்று தெரிந்தும் அவன் வாயைத் திறப்பதில்லை. படம் முடியும்வரை அவனை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. எனக்கு மனசே ஆறாது. டிக்கன்ஸ் எழுதிய கஞ்சன் ஸ்க்ரூஜ் கதையைப் பாருங்கள், அவனாவது திருந்துகிறான். இவன் திருந்தவும் இல்லை, மாட்டிக்கொள்ளவும் இல்லை.

அத்தை: எனக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது அண்ணா. அந்த ஜார்ஜ் சாக நினைத்துப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கும் இடம். குழந்தைகள் அதைப் பார்க்க வேண்டுமா?

நான்: இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான்: ஜார்ஜ் பெய்லி ஊரை விட்டுக் கிளம்பி உலகத்தைச் சுற்றிப் பார்க்க நினைக்கும்போதெல்லாம் ஏதாவது குறுக்கே வரும். அப்பா இறந்துபோவார், அவர் நடத்திய கடன் நிறுவனம் இவன் தலையில் விழும். தம்பி திரும்பி வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வான் என்று காத்திருப்பான், அவன் கல்யாணம் முடித்து வேறு வேலை கையில் இருக்க வந்து இறங்குவான். ஜார்ஜின் கல்யாண நாளன்றே எல்லோரும் அந்த நிறுவனத்தில் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்து நெருக்குவார்கள், தேனிலவுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவான். இப்படி விட்டுக்கொடுத்தே வாழ்ந்தவன் ஒரு நாள் உடைகிறான். பணம் தொலைந்த அன்று வீட்டுக்கு வந்து குழந்தைகள் மேல் எரிந்து விழுவான். மகள் பியானோவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருப்பாள், நிறுத்து என்று கத்துவான். அடுத்த நிமிடமே மன்னிப்புக் கேட்டு, வாசி என்பான். அவளால் வாசிக்க முடியாது, அழுவாள். அப்பாவோ அம்மாவோ காரணம் சொல்லாமல் கோபப்படுவதைப் பார்க்காத குழந்தை உண்டா? நம் பெரியவனுக்கு அந்த இடம் நன்றாகவே புரியும். அதைக் காட்டாமல் மறைத்துவிட்டு, கடைசியில் ஊரே வந்து மேசைமேல் பணத்தைக் கொட்டுவதை மட்டும் காட்டினால் அதற்கு என்ன அர்த்தம் இருக்கும்?

நான்: பாட்டருக்குத் தண்டனை இல்லைதான் பெரியப்பா. ஆனால் கடைசியில் ஊரே ஜார்ஜ் வீட்டில் கூடும்போது அவன் ஞாபகம் யாருக்காவது வருகிறதா? படம் அவனை அவன் அறையிலேயே தனியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறது. எனக்கு அது போதும்.

பெரியப்பா: எனக்குப் போதாது. ஆனாலும் நீ சொல்வதை யோசிக்கிறேன்.

சித்தப்பா: ஜார்ஜாக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டு வந்து நடித்த முதல் படம் அது. மதுக்கடையில் உட்கார்ந்து கடவுளே என்று வேண்டும் காட்சியில் அந்த முகத்தைப் பாருங்கள், நடிப்பு மாதிரியே தெரியாது.

சித்தப்பா: அப்புறம் அந்தப் பனி. படப்பிடிப்பு நடந்தது கோடையில். அந்தக் காலத்தில் கார்ன்ஃபிளேக்ஸுக்கு வெள்ளை அடித்துத் தூவுவார்கள். நடந்தால் நொறுங்கும் சத்தம் வரும், வசனத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து தெளித்தார்கள். சத்தமே இல்லை. அதற்காக ஆஸ்கர் அமைப்பு தொழில்நுட்ப விருதும் கொடுத்தது.

தம்பி: வெளியானபோது சரியாக ஓடவில்லை என்று படித்தேன், நிஜமா?

நான்: ஆமாம், போட்ட பணம் திரும்பவில்லை. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் டிவி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் தாராளமாகப் போட ஆரம்பித்தன. அப்படித்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

தம்பி: வண்ணத்திலும் கிடைக்கிறதே. குழந்தைகளுக்கு அது பிடிக்குமே?

நான்: தயவுசெய்து வேண்டாம். பிறகு பூசிய நிறம் அது. ஸ்டூவர்ட்டே அதைக் கடுமையாக எதிர்த்தார். தேவதை ஒருவர் ஜார்ஜுக்கு அவன் பிறக்கவே இல்லாத ஊரைக் காட்டும்போது, அந்த இருட்டும் விளக்கு வெளிச்சமும் கறுப்பு வெள்ளையில்தான் நெஞ்சில் இறங்கும்.

பெரியக்கா: சரி, என் முடிவு இது. இரண்டாம் இரவு இந்தப் படம், கறுப்பு வெள்ளையில். பெரியவன் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், கேள்வி கேட்டால் படத்தை நிறுத்திப் பதில் சொல்வோம். சின்னவளைத் தூங்க வைத்துவிடலாம். அத்தை, சரிதானே?

அத்தை: நீ பக்கத்தில் இருந்தால் சரிம்மா.

பெரியக்கா: அப்போது சின்னவளுக்கு?

நான்: தி ஸ்னோமேன் என்ற கார்ட்டூன், 1982இல் வந்தது. 26 நிமிடம்தான். வசனம் கிடையாது, படமும் இசையும் ஒரு பாட்டும் மட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய தொல்லையும் இல்லை. மாலையிலேயே போட்டுவிடலாம். ஆனால் முடிவுவரை விடு அக்கா. விடிந்ததும் பனி மனிதன் உருகிப்போயிருப்பான், பையன் சட்டைப் பைக்குள் கைவிட்டு கிறிஸ்துமஸ் தாத்தா கொடுத்த கழுத்துத்துணியை எடுத்துப் பார்ப்பான். அவள் அழுதால் அழட்டும். நாமெல்லாம் கூடத்தானே இருக்கிறோம்.

பெரியக்கா: ம். பார்க்கிறேன். மூன்றாவது?

பெரியப்பா: ஸ்க்ரூஜ். 1951இல் அலஸ்டர் சிம் நடித்தது.

சித்தப்பா: அண்ணா, அது நல்ல படம்தான். ஆனால் குழந்தைகள் இருப்பதால் அதே கதையை வைத்து 1992இல் வந்த மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல் போடலாமே. சுற்றிலும் பொம்மைகள், நடுவில் ஸ்க்ரூஜாக மைக்கேல் கெய்ன். எதிரே நிற்பது தவளைப் பொம்மை என்று ஒரு இடத்திலும் காட்டிக்கொள்ள மாட்டார், நாடக மேடையில் நடிப்பதுபோல அவ்வளவு அக்கறையாக நடித்திருப்பார்.

நான்: அதனால்தான் அந்தப் படம் நிற்கிறது. ஸ்க்ரூஜின் குமாஸ்தாவுடைய நோயாளி மகன் குட்டி டிம்மின் ஊன்றுகோல் கணப்பருகே தனியாகச் சாய்ந்திருப்பதைப் பார்க்கும்போது பொம்மைதானே என்று தோன்றவே தோன்றாது.

பெரியப்பா: டிக்கன்ஸ் 1843இல் எழுதியதை மாற்றாமல் எடுத்திருக்கிறார்களா?

சித்தப்பா: டிக்கன்ஸாகவே ஒரு பொம்மை வந்து கதை சொல்லும் அண்ணா. வாக்கியங்கள் பலவும் புத்தகத்தில் உள்ளபடியே.

பெரியப்பா: அப்படியானால் சரி. அவன் திருந்துவதைப் பார்த்துவிட்டுத் தூங்கலாம்.

தம்பி: க்ளாஸ் கார்ட்டூன் படம்?

நான்: ஒரு மதியம் போடலாம். கையால் வரைந்த ஓவியத்தில் இவ்வளவு வெளிச்சமா என்று இருக்கும். வேலைக்கு ஆகாத தபால்காரன் ஒருவன் 6,000 கடிதம் சேர்க்கத் தீவுக்கு வரும் கதை, உனக்கும் பிடிக்கும்.

பெரியக்கா: முதல் இரவு ஹோம் அலோன். இரண்டாம் மாலை ஸ்னோமேன், இரவு வொண்டர்ஃபுல் லைஃப். மூன்றாம் இரவு மப்பெட். மதியம் நேரம் கிடைத்தால் க்ளாஸ். டை ஹார்ட் விழித்திருப்பவர்களுக்கு.

தம்பி: வொண்டர்ஃபுல் லைஃப் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன் சின்னக்கா. கறுப்பு வெள்ளை, 130 நிமிடம் என்று காட்டுகிறது. அதுதானே?

நான்: அதேதான். சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், 8 மணிக்கே உட்கார்ந்துவிடுவோம்.