ஹைப்ரிட் சைக்கிளில் கை மரத்துப்போகிறது, சீட்டும் வலிக்கிறது. எதை மாற்றலாம்?

கேள்வி:
வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் பெரும்பாலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஹைப்ரிட், முன்னால் ஷாக் கிடையாது, டிஸ்க் பிரேக், டயர் 700×28 (அகலம் 28 மி.மீ.). துரைப்பாக்கம் தாண்டுவதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன, உட்காரும் இடத்திலும் நல்ல வலி. கடையில் கேட்டால் ஜெல் சீட் கவர் போடுங்கள், ஷாக் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) மாற்றுங்கள் என்கிறார்கள். கையில் ஐந்தாயிரம் ரூபாய் இருக்கிறது, எதில் போட்டால் பலன் தெரியும்? என் எடை 74 கிலோ.

பதில் 1:
முதலில் டயர், மற்றதெல்லாம் அப்புறம். ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள், பின்னால் சங்கிலிப் பக்கமும் பாருங்கள். 35 மி.மீ. டயர் போட்ட பிறகும் பக்கத்துக்கு நாலைந்து மி.மீ. மிஞ்சும் என்றால் யோசிக்காமல் 35 வாங்குங்கள், ட்யூபும் அதே அளவுக்கு. காற்றுதான் இதில் முக்கியம். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண் உச்ச வரம்பு, அது வரை அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, ஆனால் பல கடைகளில் அப்படித்தான் கல்லு மாதிரி அடித்து அனுப்புகிறார்கள். உங்கள் எடைக்கு 35 டயரில் முன்னால் 50, பின்னால் 55 பி.எஸ்.ஐ. வைத்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் பள்ளத்தில் ரிம் இடித்து ட்யூபில் பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும், அதுதான் கீழ் எல்லை. கேஜ் உள்ள ஒரு பம்பு வீட்டில் இருக்கட்டும்.

பதில் 2:
டயர் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அந்த இரண்டு விரலும் மரப்பதை டயர் மட்டும் தீர்க்காது. உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரமாகப் போகும் நரம்பு அழுந்துகிறது, அதாவது உடம்பு எடை கையில் அதிகம் இறங்குகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்பை வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் சறுக்கிக்கொண்டே இருப்பீர்கள், அதைக் கைதான் தாங்கும். அடுத்து ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு. அதற்கு மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் கீழே மாற்றிப் போட்டாலே ஹேண்டில்பார் உயரும், செலவே இல்லை. திரும்பப் பூட்டும்போது மேல் மூடி போல்ட்டை ஆட்டம் போகும் வரை இறுக்கிவிட்டு, அதன் பிறகே பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும், வரிசை மாறினால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) ஆடும். இதற்குப் பிறகும் மரத்தால் உள்ளங்கை படியும்படி அகலமான கிரிப் வாங்குங்கள்.

பதில் 3:
தயவுசெய்து ஜெல் கவர் வேண்டாம். அரை மணி நேரத்துக்கு மெத்தென்று இருக்கும், அப்புறம் உட்காரும் எலும்பு உள்ளே புதைந்து நடுப்பகுதி அழுந்தும், வலி கூடத்தான் செய்யும். பார்சல் பெட்டி அட்டையைக் கெட்டியான நாற்காலியில் போட்டு, குனிந்த வாக்கில் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடு வரை அளந்து அதோடு 20 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலம் ஏறக்குறைய கிடைத்துவிடும். ஷாக் ஃபோர்க்கும் உங்கள் பணத்துக்கு வேண்டாம், அந்த விலைக்கு வருவது வெறும் கனமான ஸ்பிரிங்தான்.

பதில் 2:
ஷாக் உள்ள சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) எடுத்துக்கொள்ளலாமே? ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டுக்கு அது உதவும்.

பதில் 3:
உதவும், ஆனால் முதுகுக்குத்தான், கைக்கு இல்லை. கடைசியாக வாங்கட்டும், அதுவும் பழைய போஸ்ட்டை உருவி அதில் இருக்கும் 27.2, 30.9 மி.மீ. போன்ற விட்டத்தைப் பார்த்த பிறகு.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன், 35க்குத் தாராளமாக இடம் இருக்கிறது, ஆனால் மழைக்கு மட்கார்டும் போட வேண்டும். சீட் மூக்கு நன்றாகவே சாய்ந்திருந்தது, நேராக்கிவிட்டேன்.

பதில் 1:
மட்கார்டுக்கும் இடம் வேண்டும் என்றால் 32 எடுங்கள், காற்றை மேலே சொன்னதைவிட ஐந்து பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தைச் சீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.