கணவருக்கு மனச்சோர்வு நோய்: ஆறு வயது மகளிடம் என்ன சொல்வது?

கேள்வி

வணக்கம். என் கணவருக்குக் கடுமையான மனச்சோர்வு நோய் இருப்பதாக மனநல மருத்துவர் மூன்று வாரங்களுக்கு முன்பு கூறினார். மருந்து எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். ஆனால் பெரிய மாற்றம் எதுவும் இன்னும் தெரியவில்லை. மாலைதோறும் பிள்ளைகளோடு விளையாடியவர், இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே இருக்கிறார். மகள் அருகில் போய் நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று வயது. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தொந்தரவு செய்யாதே" என்று மட்டுமே இதுவரை சொல்லிவந்தேன். சென்ற வாரம் மகள் தன் பொம்மைகளையெல்லாம் பெட்டிக்குள் அடுக்கி மூடிவிட்டு, "இனிமேல் நான் சத்தமே போட மாட்டேன், அப்பாவை வெளியே வரச் சொல்லுங்கள் அம்மா" என்றாள். எனக்குப் பேச்சே எழவில்லை.

இந்த வயதில் உண்மையைச் சொல்லலாமா? பயந்துவிட மாட்டாளா? பிள்ளைகள் தன்னைக் குறைவாக நினைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, எதுவும் சொல்ல வேண்டாம் என்கிறார் என் கணவர்.

மறுமொழி 1

குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். நீங்கள் எதுவும் சொல்லாதபோதே உங்கள் மகள் தனக்கென்று ஒரு விளக்கத்தை உருவாக்கிக்கொண்டுவிட்டாள்: தான் சத்தம் போட்டதால்தான் அப்பா வெளியே வருவதில்லை என்பது அது. ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரை குழந்தைகள் தங்களையே நடுவில் வைத்து உலகத்தைப் புரிந்துகொள்கிறார்கள் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். பெரியவர் ஒருவர் வாடிக் கிடந்தால், நான் என்ன தவறு செய்தேன் என்பதுதான் அந்த வயதில் எழும் முதல் எண்ணம். ஆகவே சொல்லலாமா என்று இனித் தயங்க வேண்டாம். அவள் இப்போது சுமந்துகொண்டிருக்கும் விளக்கத்தைவிட உண்மை அவளுக்கு எளிதானது.

சொற்களைத் தேர்வதில் கவனம் தேவை. "உடம்பு சரியில்லை" என்றால் காய்ச்சலைப் போல இரண்டு நாளில் போய்விடும் என்று குழந்தை எதிர்பார்க்கும், போகாதபோது குழம்பும். "மனசு சரியில்லை" என்பதோ நாம் சிறு வருத்தத்துக்கும் கோபத்துக்கும் அன்றாடம் சொல்வது. அதைக் கேட்கும் குழந்தை, யார் அப்பாவின் மனத்தை நோகடித்தார்கள் என்றே தேடும். நோயின் பெயரையே சொல்லிவிடுங்கள். நான் இவ்வாறு சொல்வது வழக்கம்: "அப்பாவுக்கு மனச்சோர்வு என்று ஒரு நோய் வந்திருக்கிறது. இந்த நோய் வந்தால் விளையாடவும் சிரிக்கவும் பேசவும்கூட மிகவும் கடினமாக இருக்கும். நீ செய்த எதனாலும் இது வரவில்லை. நீ சத்தம் போடாமல் இருப்பதாலும் இது போகாது. டாக்டர் மருந்து கொடுக்கிறார், பெரியவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." இவ்வளவு போதும். ஒரே நாளில் உட்காரவைத்து நீண்ட நேரம் விளக்குவதைவிட, குளிப்பாட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் இரண்டிரண்டு வாக்கியங்களாகப் பலமுறை சொல்வதே பயன் தரும். ஏனெனில் குழந்தை அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் விடையைத் தனதாக்கிக்கொள்கிறது.

எப்போது சரியாகும் என்பதற்கு நாள் குறித்துக் கொடுக்காதீர்கள். மனச்சோர்வுக்கான மருந்துகளின் பலன் தெரியத் தொடங்கவே பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும்; முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள்கூட ஆகலாம். முதல் மருந்து போதாமல் மாற்ற வேண்டியும் வரலாம். மூன்று வயது மகனுக்கு விளக்கம் பெரிதாகத் தேவையில்லை. குளியல், உணவு, தூக்கம் எல்லாம் வழக்கமான நேரத்தில் நடப்பதுதான் அவனுக்கு ஆறுதல்.

மறுமொழி 2

என் தாயாருக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு, அதாவது மிகையான உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய், இருந்தது. அந்தப் பெயரை நான் இருபது வயதுக்குப் பிறகுதான் கேட்டேன். சிறுமியாக இருந்தபோது, அடுத்த அறையில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதை வைத்தும், வெளியார் யாரோ சொன்ன "பைத்தியம்" என்ற சொல்லை வைத்தும் நானே ஏதேதோ கட்டிக்கொண்டேன். ஆகவே உறவினர்களிடம் தொலைபேசியில் பேசும்போது மகள் காதில் என்ன விழுகிறது என்பதையும் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். அம்மா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும், தம்பியை அழவிடாமல் வைத்துக்கொள்வதும் எட்டு வயதிலேயே என் வேலையாயின. "எவ்வளவு பொறுப்பான பெண்" என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்ட பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் போனது. பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்ட உங்கள் மகளைப் பற்றிப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. தயவுசெய்து அந்தப் பெட்டியை அவளோடு உட்கார்ந்து நீங்களே திறந்துவிடுங்கள்.

மறுமொழி 3

இதை உங்கள் கணவருக்காக எழுதுகிறேன். அவர் படிக்க விரும்பினால் காட்டுங்கள். எனக்கும் இதே நோய் வந்தது, நானும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்றுதான் பிடிவாதமாக இருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறுப்பு அல்ல. மகன் சிரித்தபடி வந்து நிற்கும்போது என் உள்ளே எந்த அசைவும் இல்லாததை அவன் கண்டுகொள்வானோ என்ற கூச்சத்தால் நானும் முகத்தை மறைத்திருக்கிறேன். ஆனால் அவன் கண்டது அந்தக் கூச்சத்தை அல்ல, தன்னைப் பார்க்க விரும்பாத அப்பாவை.

இறுதியில் மனைவி பக்கத்தில் அமர்ந்திருக்க, "எனக்கு ஒரு நோய் இருக்கிறது, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை" என்று மட்டும் சொன்னேன். ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. அதன்பின் விளையாட முடியாத நாள்களில் அவன் படம் வரையும்போது பத்து நிமிடம் பேசாமல் அருகில் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைக் குறைவாக நினைக்கவில்லை.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. நோயுற்றவரே சொல்வதற்கு நிகரில்லை. ஆனால் அவருக்கு இப்போது இயலாவிட்டால், அவருடைய சம்மதத்தோடு நீங்கள் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பிள்ளைகளைப் பற்றியும் பேசுங்கள். மனநோயுள்ள பெற்றோரின் சிறு பிள்ளைகளுக்குத் தேவையான தகவலும் ஆதரவும் கிடைப்பதற்கு மருத்துவப் பணியாளர்கள் உதவ வேண்டும் என்று நார்வே 2010-இல் சட்டமே கொண்டுவந்தது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும் நீங்களாகக் கேட்கத் தடையில்லை.

நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பினாலோ, காரணம் தெரியாத வயிற்றுவலி வாரக்கணக்கில் நீடித்தாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ மகளையும் ஓர் ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். கணவர் சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மகள் காதில் அது விழுந்து உங்களிடம் வந்து சொன்னால், நீ சொன்னது நல்லது என்று அவளை அணைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்லாதே என்று அடக்கிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூன்றாம் மறுமொழியைக் கணவரிடம் காட்டினேன். நெடுநேரம் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். தன்னால் பேச முடியாது, ஆனால் அருகில் இருக்கிறேன் என்றார். நேற்று இரவு அவர் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருக்க, நானே மகளிடம் சொன்னேன். அழவில்லை. "இது எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா?" என்று கேட்டாள், ஒட்டாது என்றேன். "அப்படியென்றால் நான் அப்பா பக்கத்தில் படுக்கலாமா?" என்றாள். அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார்.