புதுப்பிப்பு: ஏற்காடு ஏற்றத்தில் முடங்கிய டீசல் கார் சரியாகிவிட்டது

போன வாரம் எழுதியிருந்தேன்: மலையேறும்போது எஞ்சின் விளக்கு எரிகிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளுக்கு மேல் போகாமல் கார் முடங்கிவிடுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகும். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடு பி0299, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தம் போதவில்லை.

டர்போவில் குறையே இல்லை! அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கிளாம்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் கருப்பாகப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்குதான் காட்டிக்கொடுத்தது. மடக்கியதும் வாய் பிளந்தது. சமதரையில் மூடிக்கிடக்கும் வெடிப்பு, ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது திறந்து காற்றை வெளியே விட்டிருக்கிறது. கேட்ட அழுத்தம் கிடைக்காததால் காரின் கணினி எரிபொருளைக் குறைத்து எஞ்சினைக் காத்திருக்கிறது.

முதலில் போன பட்டறையில் குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் டர்போவையே மாற்றச் சொன்னார்கள். நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

புதுக் குழாய், புதுக் கிளாம்பு போட்டுக் குறியீட்டை அழித்தாயிற்று. நேற்று சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறினேன், விளக்கு எரியவில்லை. "முதலில் குழாய்களைத் தடவிப் பாருங்கள்" என்று சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.