மரத்துப்போகும் ஊசி போட்டால் ஆட்டுக்குட்டிக்கு வலிப்பு வருமா?

சிப்புட்_ஆட்டுப்பட்டி (சுங்கை சிப்புட்)
ஜம்னாபாரி கிடா, பிறந்து 8 நாள், எடை 3 கிலோ. கொம்பு வளராமலிருக்கக் குருத்தைச் சுடுவதற்கு முன் மரத்துப்போக 2% லிக்னோகேயின், கொம்புக்கு இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் அரை மில்லி. ஐந்து நிமிடத்தில் உதடு துடித்தது, கழுத்து பின்னால் வளைந்தது, நாலு காலும் வெட்டி இழுத்தது. சூட்டுக்கோல் இன்னும் தலையில் படவே இல்லை. நரம்பை அடக்குகிற மருந்து மூளையை எப்படி இப்படிக் கிளப்பிவிடும்? அலர்ஜியா?

கால்நடை_மருந்தாளுனர்
அலர்ஜி இல்லைங்க, அளவு. 2% என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். நாலு இடத்துக்கு 40 மில்லிகிராம். கிலோவுக்கு 13ஐத் தாண்டிவிட்டது. ஆட்டுக்குட்டிக்குக் கிலோவுக்கு 5க்குள் நிறுத்த வேண்டும். இந்தக் குட்டிக்கு மொத்தமே முக்கால் மில்லிதான்.

மருந்து நரம்புச் செல்லின் சோடியம் வாசலை அடைக்கிறது, அதனால் சேதி நகராது. ஊசி போட்ட இடத்தில் இதுதான் நமக்கு வேண்டியது. ரத்தத்தில் கூடினால் மூளைக்கும் சுலபமாகப் போய்விடும், கொழுப்பில் கரைகிற சரக்கு. அங்கே முதலில் ஓய்வது காபாவைச் சுரந்து மற்ற செல்களை அடக்கிவைக்கும் நரம்புகள். கடிவாளம் அறுந்ததும் செல்களைக் கிளப்பிவிடும் குளூட்டமேட்டின் கை ஓங்குகிறது, வலிப்பு வருகிறது. இன்னும் ஏறினால் கிளப்பும் நரம்புகளும் ஓய்ந்து மூச்சு நிற்கும். ஆகவே வலிப்புக்குப் பின் குட்டி அமைதியானால் தேறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்; மார்பு ஏறி இறங்குகிறதா பாருங்கள்.

ரப்பர்தோப்பு
கொக்கேயினும் மரக்க வைக்கும் மருந்துதானே? அதுபோல மூளையில் டோபமைனை (இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம்) கூட்டுமா?

கால்நடை_மருந்தாளுனர்
கொக்கேயின் டோபமைன் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். லிக்னோகேயினுக்கு அந்தக் குணம் இல்லையென்றே சொல்லலாம். போதையும் வராது.

பட்டிவைத்தியம்
செய்முறை: 1 மில்லி 2% மருந்தோடு 3 மில்லி நார்மல் சலைன் (ஊசிக்கான உப்புநீர்). இது 0.5%. இடத்துக்கு அரை மில்லி போட்டால் மொத்தம் 10 மில்லிகிராம்தான், ஆனால் நரம்பைச் சுற்றி நன்றாகப் பரவும். 1 மில்லி இன்சுலின் சிரிஞ்சில் எடுங்கள். பெரிய சிரிஞ்சில் கால் மில்லி வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஒரு ஊசி வெளிக்கண் ஓரத்துக்கும் கொம்படிக்கும் நடுவில், இன்னொன்று உள்கண் ஓரத்துக்கும் கொம்படிக்கும் நடுவில். மாட்டுக்கு ஒன்று போதும் என்ற பழக்கத்தை இங்கே கொண்டு வராதீர்கள், ஆட்டுக் கொம்புக்கு இரண்டு கிளை நரம்பு. தள்ளுமுன் பின்னால் இழுத்துப் பாருங்கள். ரத்தம் வந்தால் வேறு இடம். நாளத்துக்குள் போனால் சரியான அளவே நஞ்சாகும்.

வலிப்பு வந்தால் தலையை நேராக வைத்து மூச்சுவழியைத் திறங்கள், ஆக்சிஜன் இருந்தால் உடனே. மூச்சு திணறினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், மருந்து மூளைச் செல்லுக்குள் மேலும் சிக்கிக்கொள்ளும். வலிப்பை அடக்கும் டயஸெபாம் மருத்துவர் கையில், கிலோவுக்கு 0.25 முதல் 0.5 மில்லிகிராம், நாளத்தில் மெதுவாக.

இன்னொன்று: ஊசிக்குப் பின் சில நிமிடத்தில் வலிப்பு வந்தால் காரணம் மருந்து. சுட்ட மறுநாளோ அதற்குப் பிறகோ குட்டி சோர்ந்து வலிப்பு வந்தால் சூட்டுக்கோல்மேல் சந்தேகப்படுங்கள். குட்டியின் மண்டையோடு மெல்லியது, அழுத்திப் பிடித்தால் சூடு மூளை வரை இறங்கும்.