கம்ப்யூட்டர டெபியன் 13க்கு (லினக்ஸ்) மாத்துனதுல இருந்து 19வது பக்கத்துல ஸ்கேன் நிக்குது, டிஸ்க்ல 300 ஜிபி காலி, ஆனா இடம் இல்லன்னு சொல்லுது. யாராச்சும் உதவுங்க

கும்பகோணம்_ஜெராக்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கடையில உருப்படியா ஒரே ஒரு கம்ப்யூட்டர் தான், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், பார்ட்டிஷன் எல்லாம் பிரிக்கல மொத்தமும் ஒண்ணு தான். ரெண்டு வருஷத்துக்கு மேல டெபியன் 12 ஓடிச்சு ஒரு தொந்தரவும் இல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி கடை மூடினப்புறம் 13க்கு அப்கிரேட் போட்டேன், அது நல்லபடியா முடிஞ்சுது, சாஃப்ட்வேர் போடற ஆப்ட் கமாண்ட் இப்ப கலர் கலரா காட்டுது, தூக்கப்போற பேக்கேஜ் எல்லாம் செவப்புல வருது, பாக்க நல்லா தான் இருக்கு. காலையில வந்து ஸ்கேன் போட்டா 18 பக்கம் வரைக்கும் ஒழுங்கா போகுது 19வதுல 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'னு நின்னுடுது. நாலு தடவ பாத்துட்டேன், 18 இல்லன்னா 19, அதத் தாண்டவே மாட்டேங்குது. அந்த நேரத்துல கம்ப்யூட்டரே நத்தை மாதிரி ஆயிடுது, பிரவுசர் தொறக்கவே ஒரு நிமிஷம் ஆகுது.

ஸ்கேன் பண்றது என் மச்சான் எழுதிக் குடுத்த சின்ன ஸ்கிரிப்ட், பக்கம் பக்கமா 600 டிபிஐ கலர்ல எடுத்து கடைசியில ஒரே பிடிஎஃப்பா சேத்துடும். அவன் இப்ப துபாய்ல இருக்கான் போன் எடுக்கல.

இதவிட பெரிய தலவலி ஒண்ணு. ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து ஒரு பெரியவரோட தாத்தா கையால எழுதின நாட்டு வைத்திய நோட்டு 212 பக்கம் ஸ்கேன் பண்ணி வச்சேன், பிடிஎஃப் காலையில சேத்துக்கலாம்னு விட்டுட்டேன். இப்ப அந்த ஃபோல்டரையே காணோம். பெரியவர் நோட்ட வாங்கிட்டு அன்னைக்கே கோயம்புத்தூர் பஸ் ஏறிட்டார். அட்வான்ஸ் வேற வாங்கிட்டேன்.

ரூட்பாய்:
ப்ரோ அப்கிரேட் பண்ணதுல பழைய பேக்கேஜ் எல்லாம் சேந்திருக்கும், சுடோ ஆப்ட் கிளீன் போட்டுட்டு பாருங்க. இல்லன்னா ஐநோட் (டிஸ்க்ல எத்தன ஃபைல் வைக்கலாம்ங்கற கணக்கு) தீந்துபோயிருக்கும்.

கும்பகோணம்_ஜெராக்ஸ்:
கிளீன் போட்டேன் தம்பி, கொஞ்சம் இடம் வந்துச்சு, ஆனா ஸ்கேன் அதே 19ல நிக்குது. ஐநோட் பாத்தேன் 4% தான் யூஸ் ஆயிருக்கு.

பழைய_டெபியன்:
19வது பக்கம்னு கரெக்டா சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கு. ஏ4 பக்கம் 600 டிபிஐல சுமார் 4960க்கு 7016 பிக்சல், அதாவது மூணரை கோடி பிக்சல் கிட்ட, கலர்னா பிக்சலுக்கு மூணு பைட், ஆக சுருக்காம வச்சா ஒரு பக்கம் 100 எம்பிக்கு மேல. 18 பக்கம்னா 1.8 ஜிபி. உங்க ரேம் 4 ஜிபி, அதுல பாதி எவ்ளோ? நான் நினைக்கிறது சரியான்னு பாக்கணும், கீழ இருக்கற மூணையும் போட்டு என்ன வருதுன்னு சொல்லுங்க, முதல்ல இருக்கறது எங்கெங்க எவ்ளோ இடம் போயிருக்குன்னு காட்டும், அடுத்தது /டிஎம்பிங்கற தற்காலிக ஃபோல்டர் எதுல இருக்குன்னு காட்டும், கடைசி ஃபைல் எல்லாம் சேந்து எவ்ளோன்னு எண்ணும். போன்ல தமிழ் கீபோர்டுல தான் அடிக்கிறேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல போட்டுக்கோங்க.

டிஎஃப் -ஹெச்
ஃபைண்ட்எம்என்டி /டிஎம்பி
சுடோ டியு -எக்ஸ்எஸ்ஹெச் /

அப்புறம் அந்த ஸ்கிரிப்ட்ட தொறந்து எந்த ஃபோல்டர்ல படத்த வைக்குதுன்னு பாருங்க.

கும்பகோணம்_ஜெராக்ஸ்:
ஸ்கிரிப்ட்ல /டிஎம்பி/ஸ்கேன்னு போட்டிருக்கு சார். டிஎஃப்ல /டிஎம்பிக்கு தனியா ஒரு வரி வருது, இது முன்னாடி வந்ததா ஞாபகம் இல்ல: டிஎம்பிஎஃப்எஸ், அளவு 1.9ஜி, யூஸ்டு 1.9ஜி, 100%. ஃபைண்ட்எம்என்டியும் டிஎம்பிஎஃப்எஸ்னு தான் காட்டுது. இன்னொண்ணு, டிஎஃப்ல ரூட் டிஸ்க் 141 ஜிபி யூஸ்டுன்னு வருது, டியு போட்டா 120 தான் வருது. 21 ஜிபி எங்க போச்சு?

ரூட்பாய்:
ஓஹோ புரிஞ்சுது! 13ல /டிஎம்பிய ரேம்ல வச்சிட்டாங்க ப்ரோ. சிம்பிள், சுடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி.மவுண்ட் போட்டு ஒரு ரீபூட் அடிங்க, பழையபடி டிஸ்க்குக்கே போயிடும். வேல முடிஞ்சுது.

பழைய_டெபியன்:
ரீபூட் பண்ணாதீங்க!! பண்ணிட்டீங்களா? உடனே சொல்லுங்க.

அந்த 21 ஜிபி தான் உங்க 212 பக்கம்.

கும்பகோணம்_ஜெராக்ஸ்:
இல்ல சார் பண்ணல, ஸ்கூல் பசங்க கூட்டமா ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்துட்டாங்க அதான் அப்படியே கெடக்கு. 21 ஜிபி நோட்டா? நிஜமாவா?

பழைய_டெபியன்:
அந்தப் பசங்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய் வாங்கிக் குடுங்க.

என்ன நடந்துச்சுன்னா, 12 வரைக்கும் /டிஎம்பிங்கறது டிஸ்க்ல இருந்த ஒரு சாதா ஃபோல்டர். 2025 ஆகஸ்ட் 9ல வந்த 13ல இருந்து அது டிஎம்பிஎஃப்எஸ், அதாவது ரேம்ல இருக்கற ஃபைல் சிஸ்டம், அதிகபட்சம் ரேம்ல பாதி வரைக்கும் போகலாம். சும்மா இருந்தா ரேம தொடாது, ஃபைல் வச்சா வச்ச அளவுக்கு எடுத்துக்கும். அதான் 19வது பக்கத்துல முட்டுது, அதான் மெஷினும் நத்தை ஆகுது, உங்க ரேம்ல பாதிய படமே தின்னுட்டா பிரவுசருக்கு என்ன மிச்சம்.

அப்கிரேட் பண்ண மெஷின்ல இந்த மாத்தம் முதல் ரீபூட்டுக்கு அப்புறம் தான் வேலைக்கு வரும். நீங்க ஞாயித்துக்கிழமை ஸ்கேன் பண்ணது டிஸ்க்ல இருந்த பழைய /டிஎம்பில. ரீபூட் ஆனதும் அது மேலயே புது டிஎம்பிஎஃப்எஸ் வந்து உக்காந்துடுச்சு, கட்டில் மேல ஜமுக்காளம் விரிச்ச மாதிரி. அடியில இருக்கறது அப்படியே தான் இருக்கு, கண்ணுக்கு தான் தெரியாது. டிஎஃப் மொத்த டிஸ்க்கையும் கேட்டு சொல்லும் அதனால 141, டியு ஃபோல்டர் ஃபோல்டரா நடந்து போய் எண்ணும், மூடியிருக்கறதுக்குள்ள அதால போக முடியாது அதனால 120.

தம்பி சொன்ன மாஸ்க் கமாண்ட் தப்பில்ல, ஆனா இந்த நேரத்துல போட்டா வினை. டெபியன்ல பூட் ஆகும்போது /டிஎம்பிய காலி பண்றது ரொம்ப நாள் வழக்கம், அப்கிரேட் அந்த பழைய வழக்கத்த அப்படியே காப்பாத்தி ஒரு கான்ஃபிக் ஃபைல் போட்டு வச்சிருக்கும். ஜமுக்காளத்த எடுத்துட்டு ரீபூட் பண்ணா அடியில இருக்கற 212 பக்கத்தையும் பூட் ஆகும்போதே கூட்டிப் பெருக்கித் தள்ளிடும்.

இப்ப இத மட்டும் செய்ங்க, டிஸ்க்ல இருக்கறத /எம்என்டிங்கற இன்னொரு ஃபோல்டர் வழியாவும் காட்டும், ஜமுக்காளம் அங்க இருக்காது:

சுடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி

அப்புறம் /எம்என்டி/டிஎம்பி உள்ள போய் பாருங்க. இருந்தா ஹோம்ல ஒரு ஃபோல்டர் போட்டு காப்பி பண்ணுங்க, கட் வேண்டாம், காப்பி. எண்ணி பாத்துட்டு அழிக்கலாம்.

ரூட்பாய்:
அய்யோ சாரி ப்ரோ, பூட்ல அழிக்கும்னு எனக்கு தெரியாது 🙏

கர்னல்_கிறுக்கன்:
இதுல ஒரு கூத்து யாரும் கவனிக்கல. அண்ணன் அப்கிரேட் பண்ணாம 12லயே இருந்து அன்னைக்கு ராத்திரி சும்மா ஷட்டவுன் பண்ணிட்டு போயிருந்தா காலையில பூட் ஆகும்போது நோட்டு மொத்தமும் போயிருக்கும். அப்கிரேட் தான் அத ஒளிச்சு வச்சு காப்பாத்திருக்கு 😂 இத்தன நாள் எப்படி தப்பிச்சீங்க?

கும்பகோணம்_ஜெராக்ஸ்:
எல்லா வேலையும் அன்னன்னைக்கே பிடிஎஃப் ஆயிடும், அது டாக்குமெண்ட்ஸ்ல போய் உக்காந்துடும். ராத்திரி தாண்டி விட்டது இது ஒண்ணு தான். நினைச்சாலே வயித்த கலக்குது.

சார் இருக்கு!!! /எம்என்டி/டிஎம்பி/ஸ்கேன் உள்ள 212ம் இருக்கு. காப்பி ஓடிட்டு இருக்கு. உங்க வாய்க்கு சர்க்கரை தான் போடணும்.

புதுசு_லினக்ஸ்:
நானும் 13 போட்டேன், யார் எப்ப லாகின் பண்ணாங்கன்னு பாக்கற லாஸ்ட் கமாண்ட் காணோம், கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வருது. இதுவும் அதே பிரச்சனையா அண்ணா?

பழைய_டெபியன்:
இல்லப்பா, இது வேற. அத 13ல எடுத்துட்டாங்க, பதிலுக்கு டபிள்யூடிஎம்பிடிபின்னு ஒரு பேக்கேஜ் இருக்கு அத போட்டுக்கோ. பழைய ஃபைல் ஃபார்மட் 2038 ஜனவரிய தாண்டி நேரத்த வச்சுக்க முடியாது, அதான் மாத்தினாங்க. மேல ஏதாவதுன்னா தனி இழை போடு, இங்க கடைக்காரர் பாவம்.

கர்னல்_கிறுக்கன்:
என்ன கேட்டா 4 ஜிபி மெஷினுக்கு இந்த டீஃபால்ட் சரியில்ல. ஃபெடோரான்னு இன்னொரு லினக்ஸ் இத 2013ல 18வது ரிலீஸ்லயே கொண்டு வந்துடுச்சு, சரி, ஆனா டெபியன ஓட்டறவங்கள்ல பாதிப் பேர் பழைய மெஷின்னு தானே டெபியனுக்கே வர்றாங்க. காப்பி முடிஞ்சதும் மாஸ்க் போட்டுட்டு நிம்மதியா இருங்க அண்ணா.

பழைய_டெபியன்:
நான் ஒத்துக்க மாட்டேன். தப்பு ஸ்கிரிப்ட்ல. ஒரு நாள் முழுக்க செஞ்ச வேலைய வைக்கிற எடமா /டிஎம்பி? திண்ணையில கொண்டு போய் நகைப்பெட்டிய வச்ச மாதிரி. மாஸ்க் போட்டா ஸ்கேன் ஓடும், வாஸ்தவம், ஆனா ஒரு நாள் கரண்ட் போய் மெஷின் திரும்ப பூட் ஆனா அன்னைய வேல அத்தனையும் போச்சு. சின்ன சின்ன தற்காலிக ஃபைல் ரேம்ல இருக்கறது இந்த ஹார்டு டிஸ்க்குக்கு நல்லது தான், வேகமா இருக்கும்.

ஸ்கிரிப்ட்ல அந்த ஒரு வரிய மாத்தி ஹோம்ல ஒரு ஸ்கேன் ஃபோல்டர காட்டுங்க. மச்சான் வேற என்னென்ன டூல் கூப்பிட்டிருக்கான்னு தெரியல, அச்சுப் புத்தகத்துக்கு டெசராக்ட் வச்சு தமிழ் ஓசிஆர் (படத்துல இருக்கற எழுத்த டெக்ஸ்டா மாத்தறது) ஏதும் ஓட்டறீங்கன்னா அந்த மாதிரி வேலைகளும் நடுவுல பெரிய ஃபைல /டிஎம்பில கொட்டும், அதுக்கு ஸ்கிரிப்ட் ஆரம்பத்துல டிஎம்பிடிஐஆர்ங்கற வேரியபிள்ல /வார்/டிஎம்பின்னு குடுத்துடுங்க, அது டிஸ்க்ல தான் இருக்கு, ரீபூட்டுக்கும் அழியாது. ஆனா அதுலயும் பல நாள் விட்டு வைக்காதீங்க. புதுசா 13 இன்ஸ்டால் பண்ற மெஷின்ல /டிஎம்பில 10 நாள், /வார்/டிஎம்பில 30 நாள் ஆன ஃபைல தானாவே அழிச்சிடும். உங்களது அப்கிரேட்ங்கறதால இப்ப அழிக்காது, நாளைக்கே புது டிஸ்க் போட்டு ஃப்ரெஷ்ஷா இன்ஸ்டால் பண்ணா அழிக்கும், அப்ப வந்து என்ன திட்டக்கூடாது.

கர்னல்_கிறுக்கன்:
சரி சரி ஸ்கிரிப்ட் மாத்தறது தான் முறை, ஒத்துக்கறேன். ஆனா டீஃபால்ட் பத்தி சொன்னத வாபஸ் வாங்கல. அளவு மட்டும் கூட்டணும்னாலும் வழி இருக்கு, சிஸ்டம்சிடிஎல் எடிட் டிஎம்பி.மவுண்ட் போட்டு சைஸ் குடுக்கலாம், 16 ஜிபி ரேம் இருக்கறவங்களுக்கு பிரயோஜனம், அண்ணனுக்கு இல்ல.

கும்பகோணம்_ஜெராக்ஸ்:
ஸ்கிரிப்ட மாத்திட்டேன் சார். இப்ப டெஸ்டுக்கு 40 பக்கம் போட்டேன், நிக்கவே இல்ல, பிரவுசரும் ஒழுங்கா தொறக்குது. 212ம் காப்பி ஆயிடுச்சு, எண்ணி பாத்துட்டு அடியில இருந்தத அழிச்சேன், யுமவுண்ட் /எம்என்டி போட்டேன், டிஎஃப்ல 21 ஜிபி திரும்பி வந்துடுச்சு.

ஒரே ஒரு கேள்வி, பில் போட மட்டும் ஒரு ஆதிகாலத்து டப்பா வச்சிருக்கேன், அதுல டெபியன் 12 32 பிட் ஓடுது. அதையும் 13 ஆக்கிடவா?

பழைய_டெபியன்:
வேண்டாம். 13ல 32 பிட் பிசிக்கு கர்னலும் (சிஸ்டத்தோட மையப் பகுதி) கிடையாது இன்ஸ்டாலரும் கிடையாது, 64 பிட் மெஷின்ல பழைய சாஃப்ட்வேர ஓட்டறதுக்கு மட்டும் அந்த பேக்கேஜ்கள வச்சிருக்காங்க. முதல்ல எல்எஸ்சிபியு போட்டு பாருங்க, ஆப் மோடுன்னு வர்ற வரியில 64 பிட்டும் இருந்தா பிராசசர் தாங்கும், டேட்டாவ எடுத்து வச்சுட்டு 64 பிட் 13 புதுசா இன்ஸ்டால் பண்ணலாம். 32 மட்டும் வந்தா அப்கிரேட் பட்டன் பக்கமே போகாதீங்க, 12லயே பில் போடட்டும்.

கும்பகோணம்_ஜெராக்ஸ்:
32 மட்டும் தான் வருது. சரி, அது அப்படியே கெடக்கட்டும்.

பிடிஎஃப் சேத்துட்டேன், பெரியவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், ஃபைல் பெருசுன்னு போகல, சின்னதாக்கி அனுப்பினேன். பத்து நிமிஷத்துல போன் பண்ணி 130க்கு அப்புறம் நேரா 133 வருதே தம்பி, மூட்டுவலி தைலம் பாதியில நிக்குதேன்னு கேக்கறார். இதுக்கும் ஏதாவது கமாண்ட் இருக்கா சார்?

பழைய_டெபியன்:
அது ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு திரும்பிருக்கும். கோயம்புத்தூருக்கு பஸ் தான்.