பெரியப்பாவின் மைக்செட்டும் சிவந்துபோன வால்வும்

எங்கள் பெரியப்பா உசிலம்பட்டிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர். காதுகுத்து, சடங்கு, ஊர்ப்பொங்கல் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு புளியமரத்தில் அவர் குழாய் ஸ்பீக்கர் தொங்கும். டிரான்சிஸ்டர் மிஷின் வந்த பிறகு, அதற்கு முந்தைய கண்ணாடி வால்வுகளில் ஓடும் பழைய ஆம்ப்ளிஃபயர் சாக்கில் சுற்றிப் பரணுக்குப் போய்விட்டது. போன வருஷம் அந்த ஓட்டு வீட்டைப் பிரித்தார்கள். குழாய்களையும் யூனிட்டுகளையும் இரும்புக்கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொண்டு போனார். ஆம்ப்ளிஃபயரையும் கேட்டார், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் செம்புக்காக. அதை மட்டும் விடாமல் ஆட்டோவில் ஏற்றி மதுரை வில்லாபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மூடியைக் கழற்றினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்தில் குளவிக்கூடு, கரப்பான் முட்டை, ஒரு கல்யாணப் பத்திரிகைத் துண்டு. வால்வுகள் மட்டும் முழுசாக இருந்தன. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட்டுக்கு இரண்டு ஈ.எல்.34, அதற்கு முன்னால் இரண்டு ஈ.சி.சி.83, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயராக ஒரு ஜி.இசட்.34. வால்வின் உட்பக்கம் வெள்ளிப்பூச்சு மாதிரி ஒரு திட்டு இருக்குமே, அது பாலாக வெளுத்திருந்தால் உள்ளே காற்று போய்விட்டது, வால்வு முடிந்தது என்று அர்த்தம். ஐந்திலும் வெள்ளி பளபளத்தது. அந்தச் சந்தோஷத்தில் அப்போதே பிளக்கைச் சொருகாமல் இருந்ததற்குக் காரணம் பெரியப்பாதான். போனில் கத்தினார் (அவருக்குக் காது மந்தம், எல்லாமே கத்தல்தான்): "ஒரு கைய வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டு வேலை பாருடா. ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா நெஞ்சு வழியா அடிச்சிரும்."

உள்ளே 400 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைத் தேக்கிவைக்கும் கண்டன்சரில் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டருக்கு நீளமான இன்சுலேஷன் ஒயர் போட்டு, ஒவ்வொரு தடவையும் சேசிஸுக்கும் (செட்டின் உலோகத் தட்டு) கண்டன்சருக்கும் இடையில் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். ஸ்க்ரூடிரைவரால் தட்டி வடிக்கிற பழக்கம் வேண்டாம், கண்டன்சருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

ஸ்பீக்கர் முனையைச் சும்மா விட்டு வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பொறி பறந்து சுற்று போய்விடும். அதனால் 16 ஓம் முனையில் 15 ஓம், 50 வாட் ஒயர்வவுண்டு ரெசிஸ்டரைக் கட்டினேன். பிறகு, செட்டுக்குப் போகும் கரண்டை ஒரு பல்பு வழியாக விடும் சீரிஸ் டெஸ்ட் போர்டில் 100 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. இதற்கு உதவாது. இந்தக் காலத்தில் குண்டு பல்புக்காக டவுன்ஹால் ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது, ஜி.இசட்.34 சூடேறியதும் மறுபடி கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்திலேயே நிற்கும். சில நாள் அப்படியே அரை மணி அரை மணியாக விட்டுவிட்டு ஓட்டினேன். பல வருஷம் சும்மா கிடந்த எலெக்ட்ரோலிடிக் கண்டன்சருக்கு எடுத்த எடுப்பில் முழு வோல்ட் கொடுக்கக் கூடாது. உள்ளே தேய்ந்துபோன ஆக்ஸைடு படலம் மெதுவாகத் திரும்ப வளர வேண்டும்.

பல்பை எடுத்து நேரடியாகக் கொடுத்த அன்று, வால்வைச் சூடாக்கும் ஹீட்டரில் 6.3 வோல்ட்டுக்குப் பதில் 7.5 வோல்ட் வந்தது. பின்பக்கம் பார்த்தால், வீட்டுக் கரண்டின் வோல்ட்டுக்குத் தக்கபடி மாற்றி வைக்கும் மெயின்ஸ் டேப் 200-இல் கிடக்கிறது! ஊரில் சாயங்காலம் பம்ப்செட் ஓட ஆரம்பித்தால் கரண்ட் படுத்துவிடும், அதனால் பெரியப்பா அப்படி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் 238. பழைய செட் யார் கையில் கிடைத்தாலும் முதலில் அந்த டேப்பைப் பாருங்கள். 240-க்கு மாற்றியதும் ஹீட்டர் சரியானது.

உர்ரென்று ஒரு சத்தம் மட்டும் இருந்தது. பாட்டு வந்தது, தெளிவில்லை. பத்து நிமிஷத்தில் வலது பக்க ஈ.எல்.34-இன் உள்ளே இருக்கும் தகடு மங்கலான சிவப்பாகியது, அடுப்பில் மறந்த தோசைக்கரண்டி மாதிரி. உடனே அணைத்தேன்.

இங்கேதான் என் முட்டாள்தனம். சிவக்கிறது வால்வு, அப்படியானால் போனது வால்வு என்று முடிவு கட்டிப் புது ஜோடி வரவழைத்தேன். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் இன்னும் ஈ.எல்.34 செய்கிறார்கள். ஏழாயிரத்துச் சொச்சம். சொருகினேன். வலது பக்கத்துப் புது வால்வும் பத்து நிமிஷத்தில் சிவந்தது.

பழைய இரண்டையும் இடம் மாற்றிச் சொருகியிருந்தாலே காசில்லாமல் தெரிந்திருக்கும். சிவப்பு வால்வோடு போனால் வால்வில் கோளாறு. சிவப்பு அதே சாக்கெட்டில் நின்றால் அந்தச் சாக்கெட்டுக்கு வரும் சர்க்யூட்டில் கோளாறு.

அதற்குப் பிறகுதான் மீட்டரை ஒழுங்காக எடுத்தேன். இந்தச் செட்டில் ஒவ்வொரு ஈ.எல்.34-க்கும் தனித்தனியாக 470 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், வால்வு இழுக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகும். இடது பக்கம் 28 வோல்ட், அதாவது சுமார் 60 மில்லி ஆம்ப். வலது பக்கம் 41 வோல்ட், 87 மில்லி ஆம்ப். தகடு தாங்கக்கூடியது 25 வாட். வலது பக்கம் 30-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. சிவக்காமல் என்ன செய்யும்?

வலது வால்வைக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் ஐந்தாம் பின்னில், அதுதான் பாட்டு உள்ளே நுழையும் கிரிட், மீட்டரை வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் +16 வோல்ட். முந்தைய வால்வின் தகட்டிலிருக்கும் 250 வோல்ட்டைத் தடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டிய 0.1 மைக்ரோஃபேரட் கப்ளிங் கண்டன்சர் ஒழுகுகிறது. கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு இருக்கும் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம் என்பதால் கணக்குப் போட்டால், பல நூறு மெகா ஓம் இருக்க வேண்டிய கண்டன்சர் 7 மெகா ஓமில் நிற்கிறது. அதைக் கழற்றிச் சாதா மீட்டரில் போட்டால் நல்லது என்றே காட்டியது! மீட்டரின் பேட்டரி வோல்ட்டுக்கு அது ஒழுகாது, 250 வோல்ட் வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

இரண்டு கப்ளிங் கண்டன்சரில் ஒன்று மெழுகு பூசிய பழுப்புக் காகித ரகம், மற்றது மஞ்சள். ஏன் இரண்டு நிறம் என்று அன்று யோசிக்கவில்லை. டவுன்ஹால் ரோட்டில் "630 வோல்ட்டு 104" (104 என்றால் 0.1 மைக்ரோஃபேரட்) என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டையும் மாற்றினேன், டீ வடை காசுதான் ஆனது. இரண்டு பக்கமும் 28 வோல்ட்டுக்கு வந்தது. உர்ரும் பாதியாகக் குறைந்தது. இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் சர்க்யூட்டில் இரண்டும் ஒரே அளவு இழுத்தால்தான் சப்ளை இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மீதிப் பாதி உர்ர் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

மேலூர்க்காரர்:

தம்பி, உர்ரைக் காதால் பிரிக்கலாம். கனமான, அடித்தொண்டைச் சத்தம் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் ஒயர் பக்கம் பாருங்கள். கொஞ்சம் ரம்பம் மாதிரி இருந்தால் 100 ஹெர்ட்ஸ், டிசி சப்ளையைச் சமனாக்கும் ஃபில்டர் கண்டன்சர் தேய்ந்துவிட்டது. வால்யூமை முழுக்கக் குறைத்தும் சத்தம் மாறவில்லை என்றால் முன்பக்கத்து ஈ.சி.சி.83-ஐச் சந்தேகப்பட வேண்டாம்.

என் கதை வேறு. என்னிடமும் இதே மாதிரி ஒரு செட். தெரிந்த மெக்கானிக் ஒருவர் "பெருசாப் போட்டா உர்ரே வராது" என்று முதல் ஃபில்டரில் 220 மைக்ரோஃபேரட் போட்டுக் கொடுத்தார். உர்ர் நின்றது உண்மை. மூன்றாம் நாள் ஜி.இசட்.34-க்குள் நீல மின்னல், ஃபியூஸ் போச்சு. அந்த வால்வுக்கு முதல் கண்டன்சர் 60 மைக்ரோஃபேரட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் கண்டன்சரை நிரப்பும்போது பாயும் கரண்டை அது தாங்காது. பெரிசாக வேண்டுமென்றால், முதல் கண்டன்சரை அடுத்து வரும் கம்பிச்சுருளான சோக்குக்கு அந்தப் பக்கம் போடுங்கள். மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, ரெக்டிஃபயர் வால்வுக்குப் பதில் டயோடு போட்ட செட்டுகளின் பழக்கத்தில் செய்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

செல்லூரிலிருந்து:

எங்கள் அப்பாவின் ரெக்கார்டு பிளேயர் ஆம்ப்ளிஃபயரில் கடுகு தாளிக்கிற மாதிரி ஒரு சத்தம், அண்ணா. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த வீடு என்பதால் ரொம்ப நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும் முதலில் ஈ.சி.சி.83-ஐத்தான் மாற்றினேன். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்ட நல்ல வால்வு, பாவம். கடைசியில் பார்த்தால் அதன் தகட்டுக்குப் போகும் 100 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர் 160-க்கு ஏறியிருந்தது. மெட்டல் ஃபிலிம் போட்டதும் தாளிப்பு நின்றது.

பென்சில் முனையால் வால்வை லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் டங் டங் என்று கேட்டால் மட்டும் வால்வைச் சந்தேகப்படலாம். அதிலும் முதலில் பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சாக்கெட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள். எனக்கு இரண்டு தடவை அதிலேயே தீர்ந்தது.

சோழவந்தான்காரர்:

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏசி/டிசி ரேடியோ வைத்திருப்பவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. அதில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. யு.சி.எச்.81, யு.பி.எஃப்.89, யு.சி.எல்.82, யு.ஒய்.85 என்ற நான்கு வால்வுகளின் ஹீட்டரும் 100 மில்லி ஆம்பில் ஒரே மாலையாகக் கோத்திருக்கும். 19, 19, 50, 38 என்று கூட்டினால் 126 வோல்ட், மிச்சத்தைப் பெரிய ரெசிஸ்டர் தின்னும். ஒன்று போனால் நான்கும் அணையும். நான்கையும் கழற்றி ஹீட்டர் பின்னில் ஓம் பார்த்தால் போனது எது என்று தெரிந்துவிடும்.

ஆபத்து அதில் இல்லை. கரண்டின் ஒரு முனை நேராகச் சேசிஸில் இருக்கும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸே ஃபேஸ். குமிழ் கழன்ற வால்யூம் தண்டைத் தொட்டேன், மதுரை வானொலி 1269-இல் செய்தி தொடங்கும் நேரம். செய்தி என்னவென்று இன்றுவரை தெரியாது. இப்போது, வீட்டுக் கரண்டோடு நேரடித் தொடர்பை அறுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்த வகை ரேடியோவின் பின்மூடியைத் திறப்பதில்லை.

இன்னொருவர்:

இவ்வளவு பாடுபட்டு என்ன, ஆயிரம் ரூபாய்க்கு புளூடூத் ஸ்பீக்கர் கிடைக்கிறதே?

முதலில் எழுதியவன்:

கிடைக்கிறது, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. மூடியைக் கழற்றினால் உள்ளே பார்க்க ஒன்றுமில்லை.

மேலூர் அண்ணன் சொன்னது சரி, ரம்பச் சத்தம்தான். ஒரே டப்பாவில் பல பிரிவாக இருக்கும் ஃபில்டர் கண்டன்சரில் ஒரு பிரிவு செத்திருந்தது. 450 வோல்ட் 47 மைக்ரோஃபேரட் புதிதாகச் சேசிஸுக்கு அடியில் வைத்தேன், பழைய டப்பாவின் ஒயரைத் துண்டித்துவிட்டு அழகுக்காக மேலேயே நிற்க விட்டேன். இப்போது ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் உர்ர் தெரிகிறது.

சித்திரைத் திருவிழாவுக்குப் பெரியப்பா வந்திருந்தார். எதிர்சேவை பார்த்துவிட்டு மறுநாள் வீட்டில்தான் இருந்தார். போட்டுக் காட்டினேன். கப்ளிங் கண்டன்சர், 16 வோல்ட், 7 மெகா ஓம் எல்லாவற்றையும் காதருகில் போய் விளக்கினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வலப்பக்கத்துக் கண்டன்சரா? மஞ்சளா ஒண்ணு இருந்துச்சே. அத நானே ரெண்டு தடவ மாத்திருக்கேன்டா. போன்ல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

ஏழாயிரம் ரூபாய் வால்வு ஜோடியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பாட்டு முடியும்வரை தாளம் போட்டுவிட்டு, அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சவுண்டு சரியாத்தான் இருக்கு. குழாய் எங்கடா?"